ஈரப் பலகையும் அவசர ஸ்டெயினும்

கேள்வி: வெளித்திண்ணையின் மரத்தளத்தில் உளுத்துப்போன பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினோம். மருந்தேற்றிப் பதப்படுத்திய மரம். தொட்டால் சில்லென்று இருக்கிறது. உறவினர்கள் வரவிருப்பதால் இந்த வாரமே ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) அடித்துவிடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: புதுப் பலகை காய ஒரு மாதம் போதும் என்கிறார் கடைக்காரர். ஆறு மாதம் ஆகும் என்கிறார் பெயின்டர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவருமே நாள் கணக்குச் சொல்கிறார்கள், மரம் நாள் கணக்கில் காய்வதில்லை. பூச்சி அரிக்காமலிருக்கச் சேர்க்கும் மருந்தைத் தண்ணீரில் கரைத்து, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்துவதால், பலகை ஆலையை விட்டு வெளிவரும்போதே நீர் கோத்திருக்கும். அது வற்றும் வேகம் பலகையின் கனம், வெயில், தளத்துக்கு அடியில் காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது என்பதால், சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம்.

மரத்தின் ஈரத்தை அளக்கும், இரண்டு ஊசிகள் கொண்ட மீட்டரை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். பல இடங்களில் குத்திப் பார்த்து, 15 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால் பூசலாம். செம்பு கலந்த மருந்து ஏறிய மரத்தில் மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், பக்கத்திலுள்ள பழைய பலகையையும் அளந்து, இரண்டும் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். மீட்டர் கிடைக்காதவர்கள் சில துளித் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். துளி முத்துப்போல் நின்றால் பொறுத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் மேற்பரப்பு தயார். இழைப்பு இயந்திரம் விட்டுச்சென்ற மினுமினுப்பினாலும் துளி நிற்பதுண்டு. அந்த இடத்தை 80 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: பலகைகளை மாற்றிய ஒப்பந்தக்காரர் அன்று மாலையே தளம் முழுவதும் பூசிவிட்டுப் பணம் வாங்கிச் சென்றார். இப்போது புதுப் பலகைகளில் மட்டும் பூச்சு தோல் தோலாக உரிகிறது. பலகை சரியில்லை என்கிறார் அவர். பூச்சு சரியில்லை என்கிறார் பலகை விற்றவர்.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து பூசிய பூச்சு பழைய பலகைகளில் நிலைத்து நிற்கிறது என்பதே உங்கள் தரப்புச் சாட்சி. மேலே படலமாகப் படியும் பூச்சை ஈர மரத்தில் அடித்தால், வெயில் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியேற வழி தேடிப் படலத்தைத் தள்ளிக்கொண்டு வரும். உலர்ந்த மரத்தில்தான் பூச வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தையும், உரிந்த பலகையும் உரியாத பலகையும் அருகருகே தெரியும்படியும் படம் எடுத்து, சுரண்டி எடுத்து மறுபடி பூசித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுபடி பூசும்போது, மரத்துக்குள் ஊறும் வகை ஸ்டெயினாக இருக்கட்டும்.

பலகை விற்றவரையும் நான் விடுவதாக இல்லை. மருந்தேற்றிய பின் மீண்டும் சூளையில் உலர்த்திய பலகை என்று ஒரு வகை உண்டு. விலை கூடுதல், ஆனால் வாங்கிய சில நாட்களில் பூசலாம், பொருத்திய பிறகு சுருங்கி இடைவெளி விடுவதும் முறுக்கிக்கொள்வதும் குறைவு. வெளித்தளத்துக்குப் பலகை கேட்டு வருபவர் அடுத்து ஸ்டெயின் அடிக்கத்தான் போகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா? தெரிந்தும், நீர் சொட்டும் பலகையை ஏற்றி அனுப்பிவிட்டு, அதே ரசீதில் ஸ்டெயின் டப்பாவையும் சேர்த்து விற்கிறார். ஈர அளவைக் கேட்டால், எந்தக் காலத்தில் யார் கேட்டார்கள் என்பதுபோல் பார்க்கிறார். கேளுங்கள், ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் கிடைத்ததென்று நாலு டப்பா வார்னிஷ் வாங்கிவிட்டேன். உட்புறத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. வெளித்தளத்துக்கு அடிக்கலாமா?

பதில்: டப்பா சொல்லியும் கேட்காதவர் நான் சொல்லியா கேட்கப் போகிறீர்கள்? திறக்காதவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய பலகை சாம்பல் நிறம், புதியது இளம்பச்சை. இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய எதை வாங்குவது? பத்தாண்டு உத்தரவாதம் என்று ஒரு டப்பா பார்த்தேன்.

பதில்: முதலில் மரம் கழுவும் கரைசலால் பழைய பலகையின் சாம்பலைப் போக்கி, நன்றாகக் காயவிடுங்கள். மரவரி தெரியும் ஸ்டெயினில் அடர்ந்த நிறம் வேற்றுமையைப் பெருமளவு மறைக்கும், முழுமையாக மறைக்காது. பழைய மரம் அதிகம் குடிக்கும் என்பதால், கண்ணில் படாத ஒரு பழைய பலகையிலும், வெட்டி மிஞ்சிய புதுத் துண்டிலும் பூசிப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள். வாங்கியவற்றையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டால் டப்பாவுக்கு டப்பா நிறம் மாறும் தொல்லை இராது.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, அதுபோன்ற டப்பா ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். வெளுத்துப்போன பிறகு சிற்றெழுத்தைப் படித்தால், மாற்று டப்பா மட்டும் தருவார்களாம். பழையதைச் சுரண்டும் கூலியும் பூசும் கூலியும் நம் தலையில். மிதிபடும், மழையும் வெயிலும் நேராக விழும் தளத்தில் மரவரி தெரியும் ஸ்டெயின் இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கினால் அது நல்ல ஸ்டெயின்.

கேள்வி: எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பற்றும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள்.