பூசை வைக்க முடியாத தியாக்கோனைப் பங்குக்கு அனுப்புவது ஏன்?

பூசையும் வைக்க முடியாத, பாவசங்கீர்த்தனமும் கேட்க முடியாத ஒரு தியாக்கோனை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையில் குருவுக்கு அடுத்த கீழ்நிலைத் திருப்பட்டம் பெற்றவரை, உங்கள் பங்குக்கு ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குருக்கள் பற்றாக்குறையால் உங்கள் ஆலயத்தில் ஞாயிறு பூசையொன்று நின்றுபோயிருக்கும் என நினைக்கிறேன். அந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை நோகச் செய்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது, பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதலைக் கொடுத்தார். பல ஆலயங்களைப் பார்க்கவேண்டிய அவரால் அதற்குமேல் அடிக்கடி வர இயலவில்லை. கொழும்புத்துறைப் பெரிய குருமடத்தில் படித்து, குருப்பட்டத்துக்கு முன் எங்கள் பங்கில் பணியாற்ற வந்திருந்த தியாக்கோனே வாரந்தோறும் நற்கருணையோடு வந்தார். அம்மாவுக்குக் காது மந்தம். ஆகவே கட்டிலருகில் குனிந்து நற்செய்தியை உரத்து வாசிப்பார். வாசித்ததும் எழுந்து போய்விடாமல், மாட்டுவண்டியில் மடு மாதா ஆலயத்துக்குப் போன பழைய கதையை அம்மா எத்தனை தரம் சொன்னாலும் இருந்து கேட்பார்.

அம்மா இறந்தபோது பங்குத்தந்தை குருக்களுக்கான தியானத்துக்குப் போயிருந்தார். வீட்டுச் செபத்தையும் சேமக்காலையில் அடக்கச் சடங்கையும் தியாக்கோனே நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், அவர் காதில் விழும்படியாகவே, “ஒரு சுவாமிகூட வரவில்லையா?” என்று கேட்டார். வீடியோவில் எத்தனை அங்கிகள் தெரிகின்றன என்பதைக் கொண்டு மரணவீட்டின் மதிப்பை அளக்கும் இந்தப் பழக்கத்தை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அடக்கச் சடங்கை நடத்தவும், திருமுழுக்குக் கொடுக்கவும், திருமணத்தை ஆசீர்வதிக்கவும், மறையுரை ஆற்றவும் திருச்சபையே தியாக்கோனுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கன்னியாஸ்திரிகளும் நற்கருணை கொடுக்கிறார்களே எனச் சிலர் கேட்கக்கூடும். அவர்களுடைய பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தேவை கருதி நியமிக்கப்படுகிறவர்கள், தியாக்கோனோ ஆயர் கைவைத்துத் திருநிலைப்படுத்தியவர். அன்றாடப் பங்கீட்டில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்ததால்தான் அப்போஸ்தலர்கள் எழுவர்மீது கைகளை வைத்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் அம்மாவும் ஒரு கைம்பெண்தான்.

1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நிரந்தரத் தியாக்கோன்களுக்கு வழிதிறந்த பின்னர், மணமானவர்களும் 35 வயதுக்குமேல் மனைவியின் சம்மதத்தோடு இப்பட்டம் பெறலாம். நம் பங்குகளுக்குப் பெரும்பாலும் வருகிறவர்களோ குருத்துவத்தை நோக்கிச் செல்கிறவர்கள்; அவர்களுக்கும் தியாக்கோன், குரு ஆகிய இரு பட்டங்களுக்கும் இடையில் குறைந்தது 6 மாதங்களாவது இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் குறுகிய காலத்தைத் திருவிழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பாக அவரை நிறுத்திச் செலவழிக்காமல், ஆலயத்துக்கு வர இயலாதவர்களின் பெயர்களையும் வீடுகளையும் எழுதி இந்த ஞாயிறே அவரிடம் கொடுங்கள்.