ஆராய்ச்சி நிறுவனத்தில் புதிதாகச் சேரும் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு என்ன வேலை?

நீர், மண், காற்று கெட்டிருக்கிறதா, எதனால் என்று அளந்து சொல்வதும், சீராக்கும் வழியைச் சோதிப்பதும்தான் வேலை. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) போன்றவற்றில் இளையவர்கள் பலர், ஓர் ஆய்வுத் திட்டம் நடக்கும் காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் திட்டப் பணியாளர்களாகவே சேர்கிறார்கள்.

நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஆழ்குழாய்க் கிணற்றை எடுத்துக்கொள்வோம். மோட்டாரைப் போட்டதும் வரும் நீரைப் பிடிக்கக் கூடாது. அது குழாயில் தேங்கிக் கிடந்தது. நீரில் உப்பு கூடினால் அதன் மின்கடத்துத்திறனும் கூடும்; அதைக் காட்டும் கருவியில் எண் ஆடாமல் நின்ற பிறகே பாட்டிலை நீட்ட வேண்டும். வெயிலில் நிற்க அலுப்பாகத்தான் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் விளிம்பில் காய்ந்து ஒட்டிய பருக்கையை எடுத்துப் பதம் பார்ப்போமா?

இந்தக் கவனத்துக்குக் காரணம் இருக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கோட்பாட்டுக் கணக்குப்படி உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறும். காவிரி வராத ஆண்டில் மோட்டார்கள் ஓய்வின்றி ஓடினால் என்னவாகும் என்பதைக் கருவியின் எண்தான் முதலில் காட்டும்.

பலர் நினைப்பதுபோல இந்தப் பொறியாளர் ஆலைகளுக்கு நோட்டீஸ் கொடுப்பவர் அல்லர். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை.