சிறப்புக் கல்வி படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: குலசேகரத்தில் வசிக்கிறேன். வயது 29, பிளஸ் டூ படித்திருக்கிறேன். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான 2 ஆண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோ படிக்க ஆசை. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ரூ.2.4 லட்சம் ஆகும். 6 பவுன் நகை இருக்கிறது. அடகு வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். நகைக்கடன் பெரும்பாலும் 12 மாதக் கணக்கு. உங்கள் படிப்போ 24 மாதம். பாதியில் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டிவரும். அப்போது உங்களுக்குச் சம்பளம் இருக்காது.

முதலில் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள். கல்லூரி பெயர் மட்டும் இருந்தால் போதாது. அதே படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். ‘3 மாதத்தில் ஆட்டிசம் தெரபிஸ்ட்’ என்று நோட்டீஸ் ஒட்டும் பயிற்சிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கவுன்சிலின் பதிவெண் இல்லாமல் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

அடுத்து, கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளமான வித்யாலக்ஷ்மி வழியாகக் கல்விக்கடன். பொதுவாக ரூ.4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லை, கைக்காசும் போட வேண்டாம். கணவரே இணைக் கடன்தாரர் ஆகலாம். பலர் சறுக்குவது கல்லூரி தரும் கட்டண விவரக் கடிதத்தில்தான்: விடுதி, புத்தகச் செலவு அதில் தனித்தனியாக இல்லையென்றால் வங்கி படிப்புக் கட்டணத்தை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும்.

10% வட்டி, வங்கி அரையாண்டுக்கு ரூ.60,000 வீதம் நான்கு தவணையாகக் கடனைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி முதல் ஆறு மாதம் ரூ.500, பிறகு 1,000, 1,500, கடைசியில் 2,000. படிப்பும் அதற்குப் பின் ஓராண்டு அவகாசமும் முடிய மொத்தம் ரூ.54,000. இந்த வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் 5 ஆண்டு இஎம்ஐ சுமார் ரூ.5,100, கட்டாமல் விட்டால் அதுவே ரூ.6,250. படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்கு 1% சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மழை மாதங்களிலும் இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சிலும் பால்வெட்டு நின்றுபோகும். வெட்டு நன்றாக நடக்கும் மாதங்களில் ரூ.1,000 தனியே சேமித்து வையுங்கள், கடன் வட்டி தவறாது.

வங்கி அனுமதி தாமதமாகி, கல்லூரி முதல் தவணையை நெருக்கினால் ஒரு வளையலை மட்டும் வைக்கலாம். ரசீது இருந்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தருவீர்களா என்று மேலாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.