இந்நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்னையில் மென்பொருள் வேலை. வருகிற ஆடி மாதம் குற்றாலம் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா. அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு. காரில் திருச்சி, மதுரை வழியாகப் போய், திரும்பும்போது திருநெல்வேலி, கோவில்பட்டி வழியாக வருவதாகத் திட்டம்.

போன வருடமும் இப்படித்தான் யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். எல்லோரும் புகழும் ஒரு பிரியாணிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முக்கால் மணி நேரம் காத்திருந்து இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, “பிரியாணி முடிஞ்சிருச்சு, குஸ்கா இருக்கு” என்றார்கள். அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. அன்றிரவே அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டேன். மறுநாள் காலையில் இன்னொரு ஊரில் புகழ்பெற்ற பரோட்டாவைத் தேடி அலைந்தோம். ஒரு கடையும் திறக்கவில்லை.

இந்த முறை ஏமாறக் கூடாது. எந்தெந்த ஊரில் எந்தக் கடை என்று நீங்களே ஒரு பட்டியல் தர முடியுமா? ஏசி, சுத்தமான கழிப்பறை உள்ள இடங்களாக இருந்தால் நல்லது. இணையத்தில் வரும் விமர்சனங்களை நம்பலாமா? பழைய ருசி எல்லா இடத்திலும் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

செந்தில்

*

அன்புள்ள செந்தில்,

ஏசியும் கழிப்பறையும் எங்கே என்று உங்கள் போன் சொல்லிவிடும், அதற்கு நான் வேண்டாம். பழைய ருசி போய்விட்டது என்று என் தாத்தாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதையும் விட்டுவிடுவோம்.

அம்மாவுக்கு மயக்கம் வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நட்சத்திரத்துக்குத் தாவிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகை உண்டு, கிளிமிபிரைடு மாதிரி. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். எழுபது வயது மனுஷியை மூன்றேகால் மணி வரை ஒரு கடை வாசலில் வெறும் வயிற்றோடு உட்கார வைத்தது யார்? கடைக்காரரா? ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் பட்டியலைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். காத்திருந்தவர்களிடம் வாசலிலேயே “முடிந்துவிட்டது” என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், அது அவர்கள் தப்புதான். மற்றதெல்லாம் உங்கள் கணக்கு.

சரி, திட்டியாகிவிட்டது. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன்.

எழுத வருவதற்கு முன்னால் நான் மருந்துக் கம்பெனி ரெப். தென் மாவட்டங்கள் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம். எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. புது ஊரில் இறங்கினால் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் கம்பவுண்டரிடம் பேச்சுக் கொடுப்பார். டாக்டர் எந்தக் கம்பெனி மருந்தை எழுதுகிறார் என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, “இந்நேரத்துக்கு இங்க என்ன கெடைக்கும்ணே?”

‘நல்ல ஓட்டல் எது’ என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கான காரணத்தையும் அவரே சொல்வார். நல்ல ஓட்டல் எது என்று கேட்டால் ஊர்க்காரர் முதலில் நம் சட்டையைப் பார்ப்பார், பிறகு ஷூவைப் பார்ப்பார். ‘வெளியூர்க்காரக, டை கட்டியிருக்காக’ என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிற ஓட்டலுக்கு அனுப்பிவைப்பார். அங்கே அவர் ஆயுளில் ஒருமுறை போயிருந்தால் அதிகம், அதுவும் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு. நமக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அனுப்புகிறார், குற்றம் சொல்ல முடியாது. அதே ஆளிடம் ‘இந்நேரத்துக்கு என்ன கிடைக்கும்’ என்று கேட்டுப் பாருங்கள். நம் சட்டையை மறந்துவிட்டு மணியைப் பார்ப்பார். அந்த நேரத்துக்கு அவர் என்ன சாப்பிடுவார் என்று யோசிப்பார்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மழைநாள். டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால் எங்கள் மதியச் சாப்பாடு போயிற்று. வெளியே வரும்போது நாலு மணி. நான் பெரிய போர்டு வைத்த ஒரு கடையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டேன். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பரிடம் போய்த் தன் வழக்கமான கேள்வியைப் போட்டார். “சோறெல்லாம் தீந்திருக்கும் அண்ணாச்சி. அந்தக் கடையில இப்பப் போனா காலையில வச்ச சாம்பாரச் சுட வச்சுத் தருவான். பூக்கடைச் சந்துல ஒரு ஆச்சி உளுந்த வடை போடும். அஞ்சு மணிக்குச் சட்டியக் கவுத்திரும், சட்டுனு போங்க.” போனோம். ஒரு திண்ணை, ஒரு அடுப்பு. பூக்கட்டும் பெண்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சாப்பிடுவதற்காகவே போடுகிற வடை. எண்ணெயிலிருந்து எடுத்து நேராக இலைத்துண்டில் வைத்தார். கூடவே கருப்பட்டிக் காப்பி. அந்தக் கடைக்குப் பெயர் கிடையாது. பெயர் இருந்திருந்தாலும் உங்கள் பட்டியலில் ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும் நீங்கள் காலை பதினோரு மணிக்குப் போய், பூட்டிய வீட்டுத் திண்ணையைப் படம் பிடித்துப் போட்டிருப்பீர்கள்.

விமர்சனங்களை நம்பலாமா என்று கேட்டீர்கள். போட்டவர் எத்தனை மணிக்குப் போனார் என்று எதிலாவது எழுதியிருக்கிறதா, பாருங்கள். அது இல்லாமல் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம்மூர்ச் சமையல் முழுக்க மணி பார்த்து நடப்பது. இட்லி மாவை முதல் நாள் சாயங்காலம் ஆட்டி வைப்பார்கள். ராத்திரி முழுக்கப் பொங்கி விடியற்காலையில் பதத்துக்கு வந்து நிற்கும். ஏழு மணி இட்லியும் பதினோரு மணி இட்லியும் ஒரே மாவுதான், ஆனால் சாப்பிட்டால் வேறு வேறு. பதினோரு மணி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ‘இந்தக் கடையில் என்ன இருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

மதியச் சாப்பாட்டு மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி முதல் பந்தியில் பொரியலும் கூட்டும் நன்றாக இருக்கும். ஆனால் ரசம் அப்போதுதான் இறங்கியிருக்கும், தெளிந்திருக்காது. மீன் குழம்பில் புளி மீனுக்குள் இறங்கியிருக்காது. இரண்டரைக்கு மேல் போனால் ரசமும் குழம்பும் பிரமாதம், பொரியல் தீர்ந்திருக்கும். அப்பளத்தையும் ஊறுகாயையும் கூடுதலாக வைத்துச் சமாளிப்பார்கள். பரிமாறுகிறவரும் களைத்திருப்பார், அவரும் மனுஷன்தானே, இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். எல்லாம் ஒன்றாகக் கூடி வருவது, என் அனுபவத்தில், பன்னிரண்டே முக்கால். அம்மாவுக்கும் அதுவே சரியான நேரம்.

தம் பிரியாணி இதைவிடக் கறாரான விஷயம். இன்றைக்கு இத்தனை அண்டா என்று முடிவு செய்துதான் காலையில் அடுப்பு மூட்டுகிறார்கள். ஊறிய அரிசி, வெந்த கறி, மூடி போட்டுத் தம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொரு அண்டா ஏற்றி இறக்குவதற்குள் பந்தி கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கடையில் பிரியாணி இல்லை என்றால் அது அந்தக் கடையின் யோக்கியதை, செந்தில். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் ராத்திரி பத்துக்கும் தட்டாமல் தருகிற கடையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பரோட்டாவைக் காலையில் தேடினீர்களாம். ராத்திரி ஒரு மணி வரை கல்லில் நின்ற மாஸ்டர் காலையில் தூங்க வேண்டாமா? மதியம்தான் மாவு பிசைவார்கள். உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறப் போடுவார்கள். மூன்று, நான்கு மணிக்குச் சால்னா கொதிக்கத் தொடங்கும், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கல் காயும். ஏழரை, எட்டுக்குக் கூட்டம் வரும்போது வியாபாரம் சூடு பிடித்துவிடும். அடுக்கி வைத்துக் கையால் அடித்து உதிர்த்த பரோட்டா ஆறுவதற்குள் இலைக்கு வரும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா இதைவிடப் பொறுமை இல்லாதது. கல்லில் எண்ணெயைத் தேக்கிச் சின்னச் சின்னதாகப் பொரித்து எடுப்பது. பத்து நிமிஷம் தட்டில் கிடந்தால் மொறுமொறுப்பு போய் இழுவையாகிவிடும். கல்லுக்குப் பக்கத்து மேஜையாகப் பார்த்து உட்காருங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும்.

மதுரைக்கு மட்டும் இந்தச் சட்டம் கொஞ்சம் தளரும். நள்ளிரவுக்கும் இட்லி கிடைக்கிற ஊர். ஆனால் அங்கேயும் ஜிகர்தண்டாவுக்கு வெயில் வேண்டும், கறி தோசைக்கு இருட்ட வேண்டும்.

உங்கள் வழியைப் பார்க்கிறேன். விடிகாலை ஐந்துக்குச் சென்னையை விட்டால் எட்டு மணிக்குள் விழுப்புரம். பைபாஸிலேயே நின்று, பாட்டு அலறும் மோட்டல் எதிலும் ஏறிவிடாதீர்கள். அங்கே காலை, மதியம், ராத்திரி மூன்றும் ஒன்றுதான். ஐந்து நிமிஷம் ஊருக்குள் இறங்கினால் இட்லி ஆவி பறந்துகொண்டிருக்கும். திருச்சி தாண்டியதும் எல்லோரும் விராலிமலை வழியாக மதுரைக்குப் பறப்பார்கள். நீங்கள் மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் போங்கள். மணப்பாறையில் மகளுக்கு முறுக்கு. ஒருமுறை அரைவேக்காடாக எடுத்து ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போடுவது அந்த ஊர்ப் பழக்கம். ஒரு மணிக்கு முன்னால் திண்டுக்கல். 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர், எப்போதும் தலைப்பாகையோடு இருந்தவர், அங்கே ஒரு பிரியாணிக் கடை தொடங்கினார். அந்தத் தலைப்பாக்கட்டிப் பெயர் இப்போது சென்னையிலேயே பலகையாகத் தொங்குகிறது, அதற்காகத் திண்டுக்கல் போக வேண்டாம். சீரக சம்பாவில் பிரியாணி போடுகிற சின்னக் கடைகள் அந்த ஊரில் நிறைய. பெட்ரோல் போடும்போது பையனிடம் கேளுங்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போவீர்கள். பால்கோவா வாங்கினால் அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். குற்றாலத்தில் செங்கோட்டைப் பக்கம், பிரானூர் பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழி. அதைப் பற்றி ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி ருசி அருவி போடுவது. சாரலில் நனைந்து, தலையில் தண்ணீர் அறைய ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வந்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் இறங்கும். குளிக்காமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள்.

திருநெல்வேலியில் இருட்டுக்கடை, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே. சாயங்காலம்தான் திறப்பார்கள், அன்றைக்குச் செய்தது தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். பகலில் அந்தத் தெருவில் அலைந்து பயனில்லை. இலையில் வாங்கி அங்கேயே நின்று சுடச்சுடத் தின்பதுதான் அல்வா, பெட்டியில் வாங்கி வருவது சொந்தக்காரர்களுக்கு. அம்மா ஒரு விரலால் தொட்டு நக்கினால் போதும், நீங்கள் பார்க்காததுபோல் இருங்கள். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பு வேண்டும் என்று ஓட்டல் ஓட்டலாகக் கேட்காதீர்கள். அது கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுவது. திருநெல்வேலிக்காரர் ஒருவரோடு சிநேகமாகி, அவர் வீட்டில் கல்யாணம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நேரம் காலம் பார்க்க வேண்டாத பண்டம், அதனால்தான் இத்தனை ஊருக்குப் போகிறது. எப்போது வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் அம்மாவுக்கு மயக்கம் வந்தால் அதைக் கொடுக்காதீர்கள். கடலையில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். வெறும் குளுக்கோஸ் பொட்டலம், இல்லாவிட்டால் சர்க்கரை கரைத்த தண்ணீர், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியில் வைக்காதீர்கள். கிளம்புவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, பயண நாளில் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி தாண்டியும் பட்டியல் கடை வரவில்லையா, அடுத்து எந்த ஊர் வருகிறதோ அங்கே இறங்குங்கள். தயிர்சாதம்தான் கிடைக்கும் என்றாலும் சரி.

அப்புறம், எந்தக் கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் மனிதத் தலை தவிர வேறொன்றும் தெரியாது. செவ்வாய், புதன் பாருங்கள். தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டிருந்தால் பழக்கடைப் பக்கம் போகலாம். சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவிந்து கிடக்கும். மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள், தோல் கல்லாக இறுகியிருந்தால் உள்ளே கெட்டுப்போயிருக்கும்.