கொலுசுப் பட்டறை முதல் ஏற்காட்டு விடுதி வரை: ஒப்பந்தச் சிக்கல்களுக்கு வழக்குரைஞர் பதில்

சேலத்தில் வழக்குரைஞராக இருக்கிறேன். தொழில் ஒப்பந்தங்கள் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை நான்தான் நீக்கினேன்.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் வெள்ளி கொடுத்துக் கொலுசு செய்து வாங்குகிறார். கூலி பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியாகச் செய்த கொலுசுகள் என்னிடம் இருக்கின்றன. பாக்கி தீரும்வரை கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாமா ஐயா? எழுதிய ஒப்பந்தம் கிடையாது. நோட்டில் எடை மட்டும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

எழுத்து இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. மெய்ப்பிப்பதுதான் சிரமம். கையெழுத்துள்ள எடை நோட்டு உங்களுக்கு நல்ல சான்று, பத்திரப்படுத்துங்கள்.

கொலுசை வைத்துக்கொள்வது பற்றி அந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு நேராகவே பேசுகிறது. பிறர் கொடுத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வாங்கும்வரை வைத்துக்கொள்ளும் நகைத் தொழிலாளிதான் சட்டம் தரும் எடுத்துக்காட்டு. ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. கையில் இருக்கும் கொலுசுகளுக்கான கூலிக்கு மட்டுமே அது பொருந்தும். முன்பே கொடுத்துவிட்ட சரக்கின் பழைய பாக்கிக்காக இதைப் பிடித்துவைக்க முடியாது. அதற்குத் தனியாக அறிவிப்பு அனுப்பி வசூலிக்க வேண்டும். கூலிக்குத் தவணை தருவதாக நீங்களே ஒப்புக்கொண்டிருந்தாலும் இந்த உரிமை இல்லை.

அந்த வெள்ளியை எக்காரணம் கொண்டும் விற்கவோ உருக்கவோ அடகு வைக்கவோ வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே நம்பிக்கை மோசடிப் புகாரில் நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இனி ஒரு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளியின் எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), எவ்வளவு சேதாரம், கிலோவுக்கு என்ன கூலி, எத்தனை நாளில் கூலி வர வேண்டும் என்பவை கட்டாயம் இருக்கட்டும். பலரும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: எடை குறைந்தால் வெள்ளியாகத் திருப்புவதா, பணமாகவா? பணம் என்றால் எந்த நாளின் விலை? வெள்ளி விலை ஏறும் காலத்தில் பெரிய தகராறுகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை: வடமாநில வியாபாரி சரக்கு எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. கேட்டால், “வழக்குப் போடுவதானால் எங்கள் ஊருக்கு வந்து போடுங்கள்” என்கிறார்.

போக வேண்டியதில்லை. உங்கள் ஆலை உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். எழுத்தில் எத்தனை நாள் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தவணையே பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். இத்தகைய பாக்கித் தகராறுகளுக்காக இந்தச் சட்டத்தின்படி அமைந்த மன்றங்களில், சரக்குக் கொடுத்தவர் இருக்கும் பகுதிக்கான மன்றமே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விசாரிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனால் முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். பலருடைய வழக்கு இதில்தான் தடுமாறுகிறது.

ஏற்காடு, தங்கும் விடுதி: வேலையை விட்டுப்போன மேலாளர் பக்கத்திலேயே விடுதி தொடங்குகிறார். ஐந்து ஆண்டு அப்படிச் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

அந்த வரி செல்லாது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி வெற்று ஒப்பந்தம். உங்கள் விருந்தினர் பட்டியலை அவர் எடுத்துச் சென்று பயன்படுத்தினால், அதைத் தடுக்க வழியுண்டு. அவர் ஊழியராக இல்லாமல் பங்குதாரராக இருந்து விலகியிருந்தால் நியாயமான கால, இட வரம்போடு கட்டுப்படுத்தலாம். யாரோடு எழுதுகிறோம் என்பது இங்கே பெரிய வேறுபாடு.

வாழப்பாடி, மாந்தோப்பு: பூ விட்டபோதே இந்தப் பருவத்துக் காயை ஒருவருக்கு விற்று முன்பணம் வாங்கினேன். மழையில் பூ உதிர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். பத்திரம் பதிவாகவில்லை என்றும் சொல்கிறார்.

மரத்திலுள்ள காய் அசையும் பொருள் என்பதால் ஒரு பருவத்துக் காய் விற்பனைக்குப் பதிவு தேவையில்லை. தோப்பையே பல ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. விளைச்சல் குறைந்து அவருக்கு நட்டம் என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் முறிந்துவிடாது. ஆனால் பூவே முழுதாகப் போய்விட்டதென்றால் அவர் கேட்பதிலும் வலு இருக்கிறது. எல்லாம் எழுதிய சொற்களைப் பொறுத்தது. பேசித் தீர்ப்பதே நல்லது என்று மனதாரச் சொல்கிறேன். வணிக வழக்காக அமைந்து, தொகை 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், அவசர நிவாரணம் கேட்காதவரை வழக்குக்கு முன் சமரச முயற்சி சட்டப்படியே கட்டாயம்.

சூரமங்கலம், உதிரிபாகப் பட்டறை: எங்களுக்குள் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரைத் தாங்களே நியமிப்பதாகப் பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். தகராறில் அக்கறையுள்ள ஒரு தரப்பு தனி நடுவரைத் தானாக நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2024-இல் அரசியல் சாசன அமர்வும் அதே வழியில் தீர்ப்பளித்தது.

அம்மாப்பேட்டை, நூல் கடை: தெரிந்த தறிக்காரருக்குத் தவணை எதுவும் பேசாமல் கடனுக்கு நூல் கொடுத்து இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகிறது. வழக்குப் போட மனம் வரவில்லை ஐயா.

வழக்குப் போடாமலே உரிமையைக் காக்கலாம். சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அதற்குள் ‘இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். வரம்பு கடந்தபின் எழுதும் ஒப்புதலுக்கு இந்தப் பயன் இல்லை. அப்போது, திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட புதிய உறுதிமொழியே வேண்டியிருக்கும். நல்லவர் என்றால் மறுக்க மாட்டார். இந்த வாரமே போய் எழுதி வாங்குங்கள்.