கரீபியத் தீவான டிரினிடாட்டின் கிறிஸ்துமஸ் பலகாரமான ‘பஸ்தெல்’ (சோள மாவுக்குள் கறி வைத்து, இலையில் மடித்து அவிப்பது) செய்து பார்த்தேன், மக்காச்சோள மாவு உதிர்ந்துபோகிறது. எங்கே தப்பு?

உங்கள் கைப்பக்குவத்தில் தப்பு இருக்காது, மாவில்தான் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோள மாவு, வேகாத சோளத்தைக் காயவைத்து அரைத்தது. எவ்வளவு பிசைந்தாலும் பிடிப்பு வராது. டிரினிடாட்டில் இதற்கு வாங்குவது, சோளத்தை வேகவைத்து உலர்த்தி அரைத்த மாவு. ‘புரோமாசா’ என்று பாக்கெட்டில் விற்கும். கிடைக்காவிட்டால் வெனிசுவேலாக்காரர்கள் அரேபா என்ற சோள ரொட்டி சுடும் மாவு வாங்குங்கள், அதுவும் இதே வகைதான்.

நான் கற்றுக்கொண்டது வேலைக்காக டிரினிடாட்டின் அரிமா நகரில் இருந்தபோது, பக்கத்து வீட்டு டான்ட்டியிடம். (அங்கே அத்தை, பெரியம்மா எல்லோருமே டான்ட்டிதான்.) முதல் நாள் “ஃபிக் இலை கொண்டு வா” என்றார். நான் அத்தி இலையைத் தேடிச் சந்தை முழுக்க அலைந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஊரில் ஃபிக் என்றால் வாழை. டான்ட்டி வீட்டுக் கொல்லையிலேயே நாலு மரம் நின்றது!

சரி, அளவுக்கு வருவோம். 2 கப் மாவுக்கு ஏறக்குறைய 3 கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை கப் வெண்ணெய், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். 12 உருண்டை வரும். உள்ளே வைக்க அரைக் கிலோ கொத்துக்கறி போதும். மாடு, பன்றி, கோழி எதுவானாலும் சரி. வெங்காயம், பூண்டு, தைம் இலை, ஷாடோ பெனி இலை (கொத்தமல்லி வாசனைதான், காட்டம் அதிகம்) போட்டு வதக்கி, தண்ணீர் சுண்டியதும் ஆலிவ், கேப்பர் (ஊறுகாய் போட்ட பூமொட்டு), உலர்திராட்சை சேர்த்து இறக்குங்கள். கறியில் திராட்சையா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆலிவின் உப்பும் கேப்பரின் புளிப்பும் திராட்சையின் இனிப்பும் ஒரே வாயில் வந்தால்தான் அது பஸ்தெல்.

இலையை நடுநரம்பு நீக்கி, நெருப்பில் காட்டி வாட்டுங்கள். வெளிர்பச்சை கரும்பச்சையாகி மினுமினுக்கும், மடித்தால் கிழியாது. எண்ணெய் தடவி, நடுவில் உருண்டையை வைத்து, மேலே இன்னொரு இலைத்துண்டு போட்டு அழுத்த வேண்டும். அங்கே இதற்கென்றே மரத்தில் ஒரு அழுத்துப்பலகை உண்டு. கனமான தட்டும் போதும். சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நான் முதலில் செய்ததைப் பிரித்துப் பார்த்த டான்ட்டி, “ரொட்டி செய்திருக்கிறாய், கறி எங்கே?” என்றார்.

மேல் இலையை எடுத்துவிட்டுக் கறியை நடுவில் வையுங்கள். மாவைக் கையால் தொடாதீர்கள். அடி இலையைத் தூக்கினால் மாவு தானாகக் கறிமேல் கவியும். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிறகு இலையை மடித்து, நூலால் பார்சல் போலக் கட்டி, ஆவியில் 45 நிமிடம் வேகவையுங்கள். இறக்கிய சூட்டில் பிரித்தால் இலையோடு ஒட்டிக்கொண்டு வரும், பத்து நிமிடம் பொறுங்கள்.

இணையத்தில் தேடினால் புவெர்ட்டோ ரீக்கோவின் ‘பஸ்தேலெஸ்’ குறிப்புகளும் கலந்து வரும். அதில் சோளமே கிடையாது. வாழைக்காயையும் கிழங்கையும் துருவிய மாவு, தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள். டிரினிடாட்டின் பஸ்தெலுக்கு நெருங்கிய உறவு எதிர்க்கரை வெனிசுவேலாவில் இதேபோல் இலையில் மடித்துச் செய்யும் ‘அயாக்கா’தான். 1797 வரை தீவு ஸ்பெயின் வசம் இருந்தது; கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் பராங் பாட்டுகள் இன்றும் ஸ்பானிய மொழியில்தான்.

டான்ட்டி வீட்டில் டிசம்பரில் நூறுக்குக் குறைந்து செய்வதில்லை. ஒருவர் அழுத்த, ஒருவர் கறி வைக்க, ஒருவர் மடிக்க, நூல் கட்டுவது என் வேலை. ஃப்ரீசரில் வைத்து, கிறிஸ்துமஸ் காலையில் மறுபடி ஆவி காட்டி எடுப்பார்கள். அவிழ்ந்து கிடப்பதை எல்லாம் தூக்கி டான்ட்டி என் தட்டில்தான் வைப்பார்.