முயல் மூத்திரம் போற ட்ரேவ விட்டுட்டு கட்டிலுக்கு அடியில போகுதா?

தல, இவ்ளோ நாள் ஒழுங்கா ட்ரேல போய்னு இருந்த ஆறு மாசத்து ஆண் முயல் இப்ப கட்டிலுக்கு அடியில அடிக்குதுன்னா அது திமிரு இல்ல, வயசுக்கு வந்துட்டான், மூத்திரம் அடிச்சு 'இது என் எடம்'னு புடிக்கிறான். நீங்க இருக்கற தண்டையார்பேட்டைலர்ந்து வேப்பேரி கிட்டதான, அங்க கால்நடை ஆஸ்பத்திரில கருத்தடை பத்தி கேளுங்க, ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி நாய் மாதிரி முயல பட்டினி போடக்கூடாது. மூத்திரம் வராம முக்கினு நின்னாலோ ரத்தம் வந்தாலோ உடனே தூக்கினு போங்க.

அதுவரைக்கும் ட்ரேவ அவன் போற அந்த மூலையிலயே வைங்க. முயல் மென்னுக்கினே புழுக்க போடும், அதனால காஞ்ச புல்ல ட்ரேல ஒரு ஓரமா, தலைய நீட்டுனா எட்டுற மாதிரி போட்டு, மூத்திரம் தொடச்ச பேப்பர் ஒண்ணையும் உள்ள போட்டுடுங்க. உருண்டையா கட்டிக்கிற பூனை மண்ணு வேணவே வேணாம், தின்னா வயித்த அடைச்சிடும், பழைய தினத்தந்திய கிழிச்சுப் போட்டா போதும். தரைல வெள்ளையா படிஞ்ச கறைக்கு வினிகர். அடிச்சிடாதீங்க, அப்புறம் பீரோ பின்னாடி போய் போவான்.